நெல்லில வெங்காயத்தாள் கண்டா என்ன செய்யலாம்

கார்த்திகையில மழை பெலக்கப் பெய்யாமல் தூறித் தூறி, வானமும் மூடிக்கொண்டே கிடந்தா மட்டம் வெடிக்கிற, அதாவது அடியிலயிருந்து பக்கக் கிளை விடுற, பயிருக்குள்ள இறங்கி ஒருக்காப் பாருங்கோ. நடுக்குருத்து விரியாமல் வெங்காயத்தாள் மாதிரி, உள்ளுக்குக் கோறையா, வெள்ளிக் கலர்ல நீண்டு நிண்டா அது ஆனைக்கொம்பன் ஈயின்ர வேலை, விஞ்ஞானப் பேர் ஓர்சியோலியா ஒரைசே. குருத்து மஞ்சளாகிக் காய்ஞ்சு, இழுத்த உடன கையோட வந்து, அடியில கடிச்ச அடையாளம் இருந்தா அது தண்டு துளைப்பான், அது வேற கதை.

சந்தேகமெண்டா தாளை அடியோட பிடுங்கி நகத்தால கீறுங்கோ. அடியில புழு இருக்கும். நுனிப்பக்கம் ஓட்டையும் அதில வெறுங்கூடும் தொங்கினா ஈ பறந்திட்டுது. புழுவின்ர தோலுக்குள்ள குட்டி குட்டியா கனக்க அடைஞ்சு கிடந்தா சந்தோசப்படுங்கோ, அது ஈயின்ர புழுவைத் தின்னுற பிளாட்டிகாஸ்டர் எண்ட ஒட்டுண்ணிக் குளவி, மருந்தடிச்சா அதுவும் சேர்ந்து சாகும்.

நுளம்பு அளவான ஈதான். இலையில முட்டை இடும், மூண்டு நாலு நாளில பொரிச்ச புழு அந்தப் பனி ஈரத்தில ஊர்ந்து மடலுக்குள்ளால குருத்துக்குப் போகும், ஈரம் இல்லாட்டி போக ஏலாது, அதுதான் தூறலுக்குக் கூடுறது. குழாய் வெளியில தெரியேக்க புழுவின்ர வேலை முடிஞ்ச மாதிரித்தான், அந்த மட்டத்தில இனிக் கதிரும் வராது. அப்ப மருந்துக் கடைக்கு ஓடுறது வீண் செலவு.

உண்மையான வேலை விதைப்புக்கு முன்னம். வயல் வெறுமையாக் கிடக்கிற காலத்தில ஈ தங்கிறது காட்டு நெல்லில, தானா முளைச்ச நெல்லில, அரிவு வெட்டின தாள் திரும்பத் துளிர்த்ததில. குளக்கரை வாய்க்கால் எல்லாம் பாத்துப் பிடுங்குங்கோ. வரம்புப் புல்லில இதே மாதிரிக் குழாய் கண்டா உடன பயப்பிடாதேங்கோ, பல நேரம் அது வேற ஓர்சியோலியா இனம், நெல்லுக்கு வராது. ஆபிரிக்கா நெல்லில வாறதையே கனகாலம் இதுதான் எண்டு நினைச்சு 1982 இலதான் வேற இனமெண்டு பிரிச்சவை.

வயல்வெளி முழுக்க ஒண்டா விதையுங்கோ, பிந்தி விதைக்கிற வயலுக்குத்தான் எல்லா ஈயும் சேரும். யூரியாவை ஒரேயடியா கொட்டாமல் பிரிச்சுப் போடுங்கோ. இந்த ஈயைத் தாங்கிற நெல்லினம் இருக்கோ எண்டு விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கோ, ஆனா ஈயும் அதுக்குப் பழகிடும், ஒரே நெல்லினத்தை வருசக்கணக்கா நம்பேலாது. குடலைக்கு வந்த, அதாவது கதிர் மடலுக்குள்ள பருத்த, பயிரை இது தொடாது, அதுக்குப் பிறகு கவலையை விடலாம்.