மவுஸ் அம்பையும் டெக்ஸ்ட் கர்சரையும் கண்ணுக்குப் பட மாற்றுவது எப்படி?

பெரிய திரையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினமும் நடக்கும்: மவுஸை ஆட்டி ஆட்டி அம்பைத் தேடுவது. எழுதும்போது இன்னொரு தொல்லை. அம்பு ஒரு வரியில் நிற்கும். தட்டச்சு செய்த எழுத்தோ வேறொரு பத்தியில் போய் விழும். அப்படித்தான் ஒரு முறை நான் திருத்திக்கொண்டிருந்த கட்டுரையில் நல்ல வாக்கியம் ஒன்றின் நடுவே நாலு வார்த்தை புகுந்துவிட்டது. அச்சுக்குப் போகும் முன்தான் கண்டுபிடித்தேன்.

இவை இரண்டும் வேறு வேறு. மவுஸோடு நகரும் அம்பு, பாயின்டர். அடுத்த எழுத்து விழப்போகும் இடத்தில் விட்டு விட்டு மின்னும் மெல்லிய கோடு, டெக்ஸ்ட் கர்சர். இரண்டுக்கும் அமைப்புகளும் தனித்தனி. கீழே சொல்வது விண்டோஸ் 11-க்கு.

முதலில் அம்பு. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ஆங்கில I எழுத்தைத் தட்டுங்கள், செட்டிங்ஸ் திறக்கும். இடப்பக்கம் அக்சஸிபிலிட்டி, அதற்குள் மவுஸ் பாயின்டர் அண்ட் டச். வெள்ளை, கருப்பு, தலைகீழ் நிறம், விருப்ப நிறம் என்று நான்கு அம்புகள் தெரியும். தலைகீழ் நிறத்தில் அம்பு வெள்ளைப் பின்னணியில் கருப்பாகவும் கருப்புப் பின்னணியில் வெள்ளையாகவும் தானே மாறிக்கொள்ளும். ஆனால் என் ஓட்டு நான்காவதற்குத்தான். பளிச்சென்ற பச்சையோ இளஞ்சிவப்போ எந்தப் பக்கத்திலும் தனியாகத் தெரியும். கீழே உள்ள அளவு ஸ்லைடர் 1 முதல் 15 வரை போகும். 3 வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் போதும். ரொம்பப் பெரிதானால் அடியில் இருக்கும் எழுத்தையே மறைத்துவிடும்.

அடுத்து டெக்ஸ்ட் கர்சர். பலரும் இந்தப் பக்கத்தை எட்டியே பார்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம்தான். நாள் முழுக்க எழுதுகிறவர்களுக்கு அம்பைவிட இதுதான் முக்கியம்.

1. அதே அக்சஸிபிலிட்டிக்குள் டெக்ஸ்ட் கர்சரைத் திறங்கள்.
2. டெக்ஸ்ட் கர்சர் இண்டிகேட்டர் என்ற சுவிட்சை ஆன் செய்யுங்கள். மின்னும் கோட்டின் தலையிலும் காலிலும் வண்ணப் பொட்டு ஒட்டிக்கொள்ளும். பக்கம் முழுக்க எழுத்து இருந்தாலும் கண் நேரே அங்கே போகும்.
3. பொட்டின் அளவையும் நிறத்தையும் தேர்ந்தெடுங்கள். அம்புக்குக் கொடுத்த நிறத்தை இதற்கும் கொடுக்காதீர்கள். மறுபடி குழப்பம் வரும்.
4. கீழே தடிமன் ஸ்லைடர் இருக்கும். 3, 4 என்று வைத்து, பக்கத்திலுள்ள மாதிரியில் பாருங்கள். அதிகம் தடித்தால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மின்னும் வேகம் இங்கே கிடையாது. கன்ட்ரோல் பேனலில் கீபோர்டைத் திறந்தால் கர்சர் பிளிங்க் ரேட் இருக்கும். இடது ஓரம் வரை இழுத்தால் மின்னுவது நின்று கோடு நிலையாக நிற்கும். மின்னுவது கண்ணை உறுத்தினால் இதைச் செய்துபாருங்கள்.

அம்பின் வடிவத்தையே மாற்ற ஆசையா? செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ், அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ். திறக்கும் சின்னப் பெட்டியில் பாயின்டர்ஸ் தாவலில் ஸ்கீம், அதாவது தயாராக உள்ள அம்புத் தொகுப்புகளின், பட்டியல் இருக்கும். வெளியிலிருந்து எடுத்த படத்தை வைக்க பிரவுஸ் பொத்தான். அசையாத அம்புக்கு .cur என்று முடியும் கோப்பு, அசையும் அம்புக்கு .ani என்று முடியும் கோப்பு. கர்சர் என்று சொல்லி ஒரு தளம் இன்ஸ்டாலரை இறக்கச் சொன்னால் வேண்டாம், மூடிவிடுங்கள். எல்லாம் பொருத்திய பிறகு சேவ் ஆஸ் கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அப்புறம், தீம்கள் பாயின்டரை மாற்ற அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வால்பேப்பர் தீமை மாற்றும்போது உங்கள் அம்பும் போய்விடலாம்.

அதே பெட்டியில் பாயின்டர் ஆப்ஷன்ஸ் தாவலில் கடைசி டிக்கைப் போட்டுவிடுங்கள். இனி கன்ட்ரோல் விசையை ஒரு தட்டுத் தட்டினால் அம்பைச் சுற்றி வட்டம் சுருங்கி வந்து, அது நிற்கும் இடத்தைக் காட்டிவிடும்.