வேர்ட் ஃபைலுக்குள் இருக்கும் படங்களை எஃப்-ஃப்ளேட் கொண்டு எடுப்பது எப்படி?

வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப்தான். எக்செலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், மின்னூல்களின் ஈபப் எல்லாமே அப்படித்தான். அதனால் ஜிப்பைப் பிரிக்கத் தெரிந்தால், வேர்ட் இல்லாமலே உள்ளே இருக்கும் படங்களை மொத்தமாக எடுத்துவிடலாம். அதற்கு ஒரு சின்ன வலைப்பக்கம் செய்வோம். ஃபைல் எந்த சர்வருக்கும் போகாது. எல்லா வேலையும் ப்ரௌசருக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஜிப்பைப் பிரிக்க நாம் எடுத்துக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எஃப்-ஃப்ளேட். ஆங்கிலப் பெயரின் தொடக்கத்தில் எஃப் எழுத்து இரண்டு முறை வரும், தேடும்போது ஒன்றை விட்டுவிடாதீர்கள். வேறு எந்த லைப்ரரியையும் சார்ந்திராதது, அளவும் சில கிலோபைட்தான்.

முதலில் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கத்தில் ஃபைல் வகை இன்புட் ஒன்றை வையுங்கள். அடுத்து, அன்பேக்கேஜ் அல்லது ஜேஎஸ்டெலிவர் சிடிஎன்னிலிருந்து (லைப்ரரிகளை இணையம் வழியே நேரடியாகத் தரும் சர்வர்கள்) லைப்ரரியை ஸ்கிரிப்ட் டேக் மூலம் இணையுங்கள். லைப்ரரிகளை நிறுவித் தரும் என்பிஎம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். இணைத்ததும் லைப்ரரியின் பெயரிலேயே ஒரு குளோபல் ஆப்ஜெக்ட் கிடைக்கும்.

இன்புட்டின் சேஞ்ச் ஈவென்ட்டில், தேர்ந்தெடுத்த ஃபைல்மீது அரேபஃபர் மெதடை அவெய்ட் போட்டு அழையுங்கள். வருவதை லைப்ரரிக்கு நேரடியாகக் கொடுத்தால் வேலை செய்யாது, யூஇன்ட்8அரே என்ற பைட் வரிசையாக மாற்றியே கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இனி அன்ஜிப்சிங்க் ஃபங்ஷனை அழைத்து, விடையை கன்சோலில் பாருங்கள். சாதாரண ஆப்ஜெக்ட் ஒன்று வரும்: கீயாக ஃபைலின் பாதை, வேல்யூவாக அதன் பைட்கள். வேர்ட் ஃபைலின் எழுத்தெல்லாம் வேர்ட் ஃபோல்டரில் டாகுமென்ட் என்ற எக்ஸ்எம்எல்லில் இருக்கும். அந்தப் பைட்களை ஸ்டர்ஃப்ரம்யூ8 ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், யூனிகோட் தமிழ் அப்படியே படிக்கும்படி வரும்.

நமக்கு வேண்டியது படங்கள். அவை வேர்ட் ஃபோல்டருக்குள் மீடியா என்ற ஃபோல்டரில் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு அப்புறம் தேடுவதைவிட, அன்ஜிப்சிங்க்கின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டில் ஃபில்டர் கொடுப்பதே நல்லது. பாதை அந்த மீடியா ஃபோல்டரில் தொடங்கினால் ட்ரூ, இல்லாவிட்டால் ஃபால்ஸ். ஃபால்ஸ் வந்தவற்றை லைப்ரரி விரிக்கவே விரிக்காது. அதே இடத்தில் ஒரிஜினல்சைஸ் பண்பையும் பார்த்து ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். சில பத்து கிலோபைட் ஜிப் ஒன்று பல ஜிபியாக விரியும்படி வேண்டுமென்றே செய்து அனுப்புகிறவர்களும் உண்டு.

சரி, காட்டுவது எப்படி? ஒவ்வொரு படத்தின் பைட்களையும் ஒரு பிளாப்பாக்கி (ப்ரௌசர் ஃபைல்போலக் கையாளும் பைட் தொகுப்பு), கிரியேட்ஆப்ஜெக்ட்யூஆர்எல் தரும் முகவரியை இமேஜ் டேக்கில் போட்டால் போதும். பிஎன்ஜி, ஜேபெக் உடனே தெரியும். பழைய கிளிப்-ஆர்ட்டுகள் இஎம்எஃப் வடிவில் இருந்தால் ப்ரௌசரில் தெரியாது.

ஃபைல் பெரிதாக இருந்தால் அன்ஜிப்சிங்க் முடியும்வரை பக்கம் உறைந்து நிற்கும். அப்போது அன்ஜிப் ஃபங்ஷனுக்கு மாறுங்கள். அது வொர்க்கரில், அதாவது பக்கத்தை நிறுத்தாமல் பின்னணியில் ஓடி, முடிந்ததும் கால்பேக்கை அழைக்கும்.

ஜிப் செல்லாது என்று எரர் வந்தால், முதலில் டவுன்லோட் முழுதாக முடிந்ததா என்று பாருங்கள். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் ஜிப்பின் கடைசியில்தான் இருக்கும்; வால் அறுந்தால் மொத்தமும் போச்சு. ஆர்ஏஆர் ஃபைலுக்கு ஜிப் என்று பெயர் மாற்றிக் கொடுத்தாலும் இதே எரர்தான். ஆர்ஏஆர், 7இசட் வகைகளை எஃப்-ஃப்ளேட் தொடாது. அவற்றுக்கு வெப்அசெம்ப்ளியில் ஓடும் லிப்ஆர்க்கைவ் ஜேஎஸ் இருக்கிறது, ஆனால் இதைவிடக் கனமானது.