பழைய கட்டடத்துக்குள் வாகனப் பட்டறை: அளவெடுப்பதில் தொடங்கி லிஃப்ட் ஏற்றுவது வரை

ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தில் பட்டறை போடுபவர்கள் பலர் முதலில் காரைத் தூக்கும் லிஃப்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அது வந்து இறங்கிய பிறகுதான் உத்தரம் இடிக்கிறது, தூண் குறுக்கே நிற்கிறது, தரை தாங்காது என்று தெரிகிறது. எதையும் வாங்குமுன் மூன்றை அளந்துவிடுங்கள்: தரைக் கான்கிரீட்டின் கனம், உத்தரத்தின் அடிவரை உள்ள உயரம், தூண்களுக்கு நடுவே கிடைக்கும் அகலம். எந்தக் கருவி வாங்கலாம் என்பதில் பாதியை இந்த மூன்று அளவுகளே முடிவு செய்துவிடும்.

தரை

இரட்டைத் தூண் லிஃப்டில் கார் ஏறியதும் அதன் எடை இரு தூண்களையும் உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். அந்த இழுப்பைத் தாங்குவது தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் கான்கிரீட்டும்தான். கார்களுக்கான லிஃப்டுகள் பொதுவாக 100 முதல் 150 மி.மீ. கனமுள்ள, விரிசல் இல்லாத கான்கிரீட்டைக் கேட்கும். உங்கள் மாடலின் கையேடு இன்னும் அதிகம் கேட்டால் அதன்படியே செய்யுங்கள்.

கனத்தை வரைபடத்தில் பார்த்து நம்ப வேண்டாம். தூண் நிற்கப்போகும் இரண்டு இடங்களிலும் 12 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அடியில் குழாயோ மின்கம்பியோ ஓடவில்லை என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். டிரில் மண்ணுக்குள் இறங்கியதும், நுனியை மடக்கிய கம்பியை உள்ளே விட்டு, கொக்கி கான்கிரீட்டின் அடியில் மாட்டும்வரை மேலே இழுத்து, தரைமட்டத்தில் அடையாளம் போட்டு அளந்துகொள்ளுங்கள். ஒரே தரையில் ஓரிடத்தில் 150, நான்கு மீட்டர் தள்ளி 80 என்று வருவது உண்டு.

கனம் போதாவிட்டால் மேலே ஒரு பூச்சுப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. போல்ட் மேல்பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு அதோடு பெயர்ந்து வரும். அந்த இடத்தை வெட்டி எடுத்து, பொறியாளர் கொடுக்கும் அளவில் கம்பி கட்டிப் புதுக் கான்கிரீட் போட்டு, 28 நாள் ஆறவிட்டுத்தான் லிஃப்டை நிறுத்த வேண்டும். கீழே இன்னொரு தளம் இருக்கிற மாடித் தரையில் லிஃப்ட் வைக்க நினைத்தால், கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் சம்மதம் தராமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

உயரமும் இடமும்

ஆள் நிமிர்ந்து நிற்க 1.8 மீட்டர், எஸ்.யூ.வி. உயரம் இன்னொரு 1.8, மேலே கொஞ்சம் இடைவெளி: ஆக 3.8 மீட்டராவது வேண்டும். இதைக் கூரையிலிருந்து அளக்காதீர்கள். விளக்கு, தண்ணீர்க் குழாய், திறந்த நிலையில் உள்ளே நீளும் கதவின் தண்டவாளம் ஆகியவற்றில் எது மிகத் தாழ்வோ அங்கிருந்து அளவெடுங்கள். உயரம் குறைவென்றால் மேல்சட்டம் இல்லாத, தரைத்தகடு வைத்த லிஃப்டோ, கத்தரிபோல் விரிந்து தூக்கும் கத்தரி லிஃப்டோ பொருந்தும்.

ஒரு பே, அதாவது ஒரு காரை நிறுத்தி வேலை பார்க்கும் இடம், 4 மீட்டர் அகலம், 7 மீட்டர் நீளம் இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். இரு பக்கக் கதவையும் முழுதாகத் திறந்தால் கார் ஏறக்குறைய 3.6 மீட்டர் பிடிக்கும். மிச்ச இடம் ஆள் நடக்க. சாக்பீஸால் தரையில் நிஜ அளவுக்குக் கோடு போட்டு, ஒரு காரை ஓட்டிவந்து நிறுத்தி, கதவைத் திறந்து, டூல் டிராலியைச் சுற்றித் தள்ளிப் பாருங்கள். காகிதத்தில் தெரியாத இடைஞ்சல் அரை மணியில் தெரிந்துவிடும்.

எஞ்சின் பூட்டும் இடத்துக்குக் கதவுள்ள தனியறை கட்டாயம். கிராங்க் பேரிங்கில் எண்ணெய்க்கான இடைவெளி பல எஞ்சின்களில் 0.05 மி.மீ.க்கும் குறைவு, பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் பறக்கும் துகள் ஒன்றே பேரிங்கைக் கீறிவிடும். வெல்டிங், கிரைண்டிங் இரண்டையும் பெட்ரோல் டேங்க் கழற்றும் இடத்திலிருந்தும் பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்திலிருந்தும் மறுகோடிக்குத் தள்ளுங்கள். சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பழைய குழி இருந்தால் நிரப்பி மூடுவதே நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். குழிக்குள் இறங்கித் தேங்கும். சாக்கெட்டுகளையும் இதே காரணத்துக்காகத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் வையுங்கள்.

காற்று, மின்சாரம், புகை

கம்ப்ரசரை வெளிச்சுவரை ஒட்டிக் காற்றோட்டமுள்ள தனிக் கூண்டில் வைத்தால் சத்தமும் சூடும் உள்ளே வராது. முக்கிய ஏர் லைன் மீட்டருக்கு 10 மி.மீ. சரிவோடு ஓடி, தாழ்ந்த முனையில் வடிகால் வால்வோடு முடியட்டும். கருவிகளுக்காகக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிளைக் குழாயையும் முக்கியக் குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். குழாயின் அடியில் ஓடும் தண்ணீர் அப்போது ஏர் டூலுக்குள் போகாது. சாதாரண பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம்: அது வெடித்தால் கண்ணாடிச் சில்லுகளாகச் சிதறும்.

மோட்டார்களை நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது வழக்கமாக ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப்போல ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுக்கும். கம்ப்ரசருக்கும் லிஃப்டுக்கும் தனித்தனி சர்க்யூட் கொடுங்கள். கையில் பிடிக்கும் கருவிகளின் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பு வேண்டும். டியூப் லைட்டுகளை பே நடுவில் மாட்டினால், கார் மேலே போனதும் அடியில் இருட்டு. இரண்டு பேக்களுக்கு இடையே மாட்டுங்கள்.

ஷட்டரைத் திறந்துவைத்தால் புகை போய்விடும் என்பது ஆபத்தான நம்பிக்கை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சைலன்சர் முனையிலேயே ஹோஸ் மாட்டி, ஃபேன் வைத்து வெளியே இழுக்க வேண்டும். வெளியே போகும் அளவு காற்று உள்ளே வரவும் வழி விடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும்.

வேலை வரிசை

முதலில் தரை வெட்டு, வடிகால், எண்ணெய் பிரிப்பான், தரைக்கடியில் போகும் பைப்புகள். பிறகு ஒயரிங், ஏர் லைன். அடுத்து எபாக்சி தரைப் பூச்சு. பழைய எண்ணெய் ஊறிய கான்கிரீட்டை அரைத்து எடுக்காமல் பூசினால் டயர் சூட்டில் தோலாக உரிந்து வரும். கடைசியாக லிஃப்ட். போல்ட் துளையிலுள்ள தூசியை ஊதி எடுத்தபின் போல்டை இறக்கி, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முடுக்குங்கள். போல்ட் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை பெரிதாகிவிட்டது அல்லது கான்கிரீட் பலமில்லை. அந்தத் தூணை அப்படியே விடக் கூடாது.

முதல் காரை 30 செ.மீ. மட்டும் தூக்கி, ஆள் யாரும் அடியில் போகாமல், அடித்தகட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் விடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இறக்கி, போல்டுகளின் முறுக்கை மறுபடி சோதித்த பிறகே முழு உயரத்துக்கு ஏற்றுங்கள்.