ஜெர்மனியில் சேர்ந்து தங்குகிறீர்களா? ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான்

ஜெர்மனியில் நண்பர்களோடு ஒரே வீட்டில் தங்கிப் படிப்பவர்கள், ருண்ட்ஃபுங்க்பைட்ராக் எனும், பொது டிவி, வானொலிக்கான ஒளிபரப்புக் கட்டணத்தை ஆளுக்கொன்றாகக் கட்ட வேண்டாம். ஒருவர் கட்டினால் போதும். முகவரிப் பதிவு முடிந்த பிறகு உங்கள் பெயருக்கே தனியாகக் கடிதம் வரும். பயந்துபோய் உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். ஏற்கெனவே கட்டிவருபவரின் பெயரையும் கட்டண எண்ணையும் கேட்டு வாங்கி, பதிலில் குறிப்பிடுங்கள். இணையத்திலேயே வேலை முடிந்துவிடும்.

2013 முதல் இந்தக் கட்டணம் ஆளுக்கும் இல்லை, டிவிக்கும் இல்லை, வீட்டுக்குத்தான். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மாதம் 6.12 யூரோதான் வரும். படிக்கிற காலத்தில் மிச்சமாகும் அந்தப் பன்னிரண்டு யூரோ சின்னத் தொகை இல்லை.

‘எங்கள் வீட்டில் டிவியே இல்லையே’ என்று கடிதத்தைத் தூக்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அதற்கு விலக்கு கிடையாது. பாக்கி சேர்ந்துகொண்டே போய், தாமதக் கட்டணத்தோடு வந்து நிற்கும்.

மாணவர் விடுதி என்றால், ஒருவர் கட்டினால் போதும் என்பது எல்லா அறைகளுக்கும் பொருந்திவிடாது. பொது நடைவழியிலிருந்து நேராகத் திறக்கும் அறை, சமையலறை பொதுவாக இருந்தாலும் தனி வீடாகவே கணக்கு. ஒரே வாசல் கதவுக்குள் பல அறைகள் இருந்தால் ஒரு கட்டணம் போதும். கட்டிவந்தவர் வீடு மாறிப் போனால், மீதிப் பேரில் ஒருவர் உடனே தன் பெயரைப் பதிய வேண்டும்.