ஆடிக் காற்றுக்கு முன் காவோலையை இறக்கிவிடுங்கள்

சாயல்குடி, ஏர்வாடி, மண்டபம் பக்கம் ஓலைக் கூரைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாம் பயப்படுவதெல்லாம் ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்குத்தான். ஆனால் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் ஒரு பொறி போதும்.

தீ தரையோடு வரும் என்று நினைத்து முற்றத்தை மட்டும் பெருக்கி வைக்கிறோம். பனையில் காய்ந்து தொங்கும் காவோலையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது பற்றினால் எரியும் துண்டு காற்றில் பறந்து நாலு வீடு தள்ளி விழும். மரமேறுபவரைக் கூப்பிட்டு, வீட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் நிற்கும் பனைகளை முதலில் கழிக்கச் சொல்லுங்கள். கையில் காசு குறைவென்றால் கிழக்குப் பக்கத்தை அப்புறம் பார்க்கலாம். இறக்கிய ஓலையைச் சுவரோரம் அடுக்காதீர்கள் (நானே அடுக்கியிருக்கிறேன்). வீட்டைச் சுற்றி 30 அடிக்காவது சீமைக் கருவேலப் புதரை வெட்டிவிடுங்கள்.

குடிக்கவே தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் வாளி வாளியாக நீரை நிரப்பி வைக்க முடியுமா? மணல்தான் இருக்கிறதே! இரண்டு வாளி மணலும் ஈரச் சாக்கு ஒன்றும் அடுப்படி வாசலில் இருக்கட்டும். சாம்பலைக் கொட்டுமுன் குச்சியால் கிளறிப் பாருங்கள். மேலே வெளுத்திருந்தாலும் அடியில் கங்கு சிவந்து கிடக்கும்.

கூரை பற்றிவிட்டால் சாமான்களை எடுக்க நிற்காதீர்கள். ஆட்டை அவிழ்த்துவிட்டு, காற்றுக்குக் குறுக்காக வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 101 அல்லது 112. வண்டி வரும் பாதையில் வலை காயப்போட்டிருந்தால் அதைச் சுருட்ட ஒருவரை ஓடச் சொல்லுங்கள்.