சூட்டில் சுருங்காத ரிலீஸ் லைனர்: தேர்ந்தெடுப்பதும் சோதிப்பதும்

ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு முன் பின்பக்கத்திலிருந்து உரித்துப் போடுகிறோமே, அந்த வழுவழுப்பான தாளோ ஃபிலிமோதான் ரிலீஸ் லைனர். அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் பசையை அதுவரை காப்பாற்றி, உரிக்கும்போது கொஞ்சமும் பிடித்துவைக்காமல் விட்டுவிட வேண்டும். பல டேப்புகளில் பசையை முதலில் லைனர் மேல் பூசி, ஓவனில் உலர்த்தி, அதன் பிறகே மேல் ஃபிலிமோடு சேர்க்கிறார்கள். அந்த ஓவனில் லைனர் சுருங்கினாலோ நெளிந்தாலோ மேலே இருக்கும் பசைப் படலமும் கோணலாகிவிடும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் லைனரை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: லைனர் உண்மையில் எவ்வளவு சூடாகிறது?

ஓவன் திரையில் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது காற்றின் வெப்பநிலை. பசையில் கரைப்பானோ நீரோ ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை ஃபிலிம் அதைவிடக் குளிர்ச்சியாகவே இருக்கும். ஈரம் போன பிறகுதான் சட்டென்று சூடேறும். ஆகவே கடைசிப் பகுதியில்தான் லைனருக்கு உண்மையான சோதனை. நிறம் மாறும் வெப்பநிலைப் பட்டையை ஃபிலிமில் ஒட்டி உள்ளே அனுப்பினால் உச்ச வெப்பம் தெரிந்துவிடும். அக்ரிலிக் பசைகளைப் பெரும்பாலும் 80 முதல் 120 டிகிரி செல்சியஸில் உலர்த்துவார்கள். பெராக்சைடு சேர்த்துப் பதப்படுத்தும் (சூட்டில் வினைபுரிந்து கெட்டிப்பட வைக்கும்) சிலிக்கோன் பசைக்கு 165 டிகிரிக்கு மேலும் போக வேண்டியிருக்கும்.

படி 2: ஃபிலிமைத் தேர்ந்தெடுங்கள்

அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் சுமார் 110 டிகிரியிலும், அடர்த்தி மிகுந்தது சுமார் 130-லும், பாலிபுரொப்பிலீன் சுமார் 160-லும், பாலியெஸ்டர் 250-ஐத் தாண்டியும் உருகும். இந்த எண்களைப் பார்த்ததும், "என் ஓவன் 150 டிகிரிதான், பாலியெஸ்டர் போதும்" என்று தோன்றும். அது அவசர முடிவு.

உருகுவதற்கு வெகு முன்பே ஃபிலிம் சுருங்கத் தொடங்கும். பாலியெஸ்டர் ஃபிலிமைத் தயாரிக்கும்போது நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்து நீட்டுகிறார்கள். வலிமை அதனால்தான் வருகிறது. அந்த இழுவிசையில் ஒரு பங்கு உள்ளேயே உறைந்து நிற்கும். சுமார் 75 டிகிரியைத் தாண்டினால் மூலக்கூறுகள் அசைய இடம் கிடைத்து, நீட்டப்பட்ட இழைகள் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். சாதாரண பாலியெஸ்டரை 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் நீளவாக்கில் 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவது வழக்கம்.

வெப்பத்தால் நிலைப்படுத்திய பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்க வேண்டியது இதற்காகத்தான். மிகக் குறைந்த இழுப்பில் அந்த ஃபிலிமை மறுபடியும் ஓவனில் ஓட்டி, சுருங்க வேண்டியதை முன்கூட்டியே சுருங்க விட்டிருப்பார்கள். மீதிச் சுருக்கம் ஒரு சதவீதத்தின் சிறு பகுதிதான். இதுவும் போதாத வெப்பத்துக்கு பாலிஎத்திலீன் நாப்தலேட், அதற்கும் மேலே பாலிஇமைடு. பாலிஇமைடின் விலை மிக அதிகம் என்பதால் வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதற்குப் போங்கள்.

படி 3: சுருக்கத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ரோலின் நடுவிலிருந்தும் இரு ஓரங்களிலிருந்தும் சதுரத் துண்டுகள் வெட்டுங்கள். ஓரமும் நடுவும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. இதைத் தவிர்த்தால் சோதனையே வீண். ஒவ்வொரு துண்டிலும் நீளவாக்கு எது, குறுக்குவாக்கு எது என்று அம்புக்குறி போட்டு, இரு திசையிலும் 200 மி.மீ. இடைவெளியில் கோடு கிழியுங்கள். கிளிப் எதுவும் மாட்டாமல், உங்கள் உச்ச வெப்பநிலையில் அரை மணி நேரம் ஓவனில் தளர்வாக வையுங்கள். வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகு அளந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது அளந்தால் விரிவும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

200 மி.மீ. இப்போது 197.6 ஆகியிருந்தால் சுருக்கம் 1.2 சதவீதம். குறுக்குவாக்கில் இது வந்தால் ஒரு மீட்டர் அகல ரோலில் 12 மி.மீ. காணாமல் போகிறது என்று பொருள். துண்டைச் சமதளத்தில் வைத்து மூலைகள் எழும்புகின்றனவா என்றும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கரைப்பான் உள்ள ஈரப் பசையை, ஆவியை வெளியேற்றும் வசதியில்லாத ஓவனில் ஒருபோதும் வைக்காதீர்கள். ஆவி தீப்பிடிக்கும்.

படி 4: சிலிக்கோன் பூச்சு

ஃபிலிம் தாங்கினால் மட்டும் போதாது. பசை பிடித்துக்கொள்ளாமல் உரிவதற்காக மேலே பூசியிருக்கும் சிலிக்கோன், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான். சூட்டுக்கு முன்பும் பின்பும் விரலால் அழுத்தித் தேயுங்கள். மங்கலான தடம் விழுந்தாலோ பூச்சு உதிர்ந்தாலோ அது சரியாகப் பதப்படவில்லை, அல்லது ஃபிலிமைப் பிடிக்கவில்லை. பதப்படுத்தப் பிளாட்டினம் வினையூக்கி பயன்படும் பூச்சுகளில் கந்தகம், அமீன் போன்றவை சிறிதளவு பட்டாலும் பதப்படுவது நின்றுவிடும்.

உங்கள் பசையே சிலிக்கோன் என்றால், சாதாரண சிலிக்கோன் லைனரோடு அது இறுகிப்போகும். அதற்கு ஃபுளோரோசிலிக்கோன் பூசிய லைனர் வேண்டும்.

படி 5: உரித்துப் பாருங்கள்

உங்கள் டேப்பை லைனரில் ஒட்டி, எடை வைத்து, 70 டிகிரியில் 20 மணி நேரம் விடுங்கள். ஆறியதும் 180 டிகிரி கோணத்தில், நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் உரித்து விசையை அளந்து, சூடுபடுத்தாத துண்டோடு ஒப்பிடுங்கள். விசை பெரிதாக ஏறியிருந்தால் அந்த லைனர் கிடங்கில் நாளாக ஆக இறுகும்.

உரித்த டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதைச் சுத்தமான எஃகுத் தகட்டில் ஒட்டி மறுபடி உரித்து, லைனரையே தொடாத புது டேப்பின் ஒட்டும் விசையோடு வைத்துப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த லைனரை நம்பலாம். குறைந்தால் பதப்படாத சிலிக்கோன் பசைக்கு இடம் மாறியிருக்கிறது. எளிதாக உரிகிறதே என்று மகிழ்ந்து வாங்கிய லைனர் டேப்பையே கெடுத்திருக்கும். நேரம் குறைவாக இருந்தால்கூட நான் விடாமல் செய்வது இந்தச் சோதனையைத்தான்.