ரோட்டவேட்டர் இருக்கிறது, நிறம்தான் இல்லை

போன மே மாதம், மழைக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரத்தில், பர்மாவில் எங்கள் கடைக்குப் பெகு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ரோட்டவேட்டர், அதாவது டிராக்டருக்குப் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் சாமான், வாங்க வந்தார். அவரிடம் இருப்பது குபோட்டா டிராக்டர், ஆரஞ்சு நிறம். கடைப் புத்தகத்தில் "ஆறடி ரோட்டவேட்டர் 4" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது, கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால் நாலும் நீலம். "செவலை மாட்டுக்கு நீலக் கொம்பு வச்ச மாதிரி இருக்குமே அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

உழுவதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது அவருக்கும் தெரியும். பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது டிராக்டரின் பின்னால் சாமானைத் தூக்கும் கீழ்க் கைகளில் மாட்டும் பின்னைத்தான்: சின்ன வண்டிக்கு 22 மி.மீ., பெரியதற்கு 28 மி.மீ. அப்புறம் பி.டி.ஓ., அதாவது சாமானைச் சுழற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் தண்டு, நிமிஷத்துக்கு 540 சுற்றா, வண்டியின் குதிரைத்திறன் அந்த அகலத்தை இழுக்குமா. ஆனால் கடன் வாங்கி வண்டி எடுத்தவருக்கு ஜோடி சேர வேண்டும், அதில் தப்பில்லை.

என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் எல்லா நிறத்திலும் வாங்கி வைக்கலாமே என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று சாமான், ஒவ்வொன்றிலும் மூன்று அளவு, குபோட்டா ஆரஞ்சு, நியூ ஹாலண்ட் நீலம், மஹிந்திரா சிவப்பு, ஜான் டியர் பச்சை என்று நாலு நிறம். ஒன்றே ஒன்று வைத்தாலும் 36 ஆகிறது. உளுந்து விற்ற காசு கைக்கு வருவதற்கு முன்னால் யாரும் அதைத் தொடமாட்டார்கள், நீங்கள் போட்ட முதலீடு கொட்டகையில் தூங்கும்.

நான் இப்போது செய்வது இதுதான். புத்தகத்தில் நிறத்துக்கு ஒரு வரி, நீலம் 4 என்றால் நீலம் 4. இரண்டு வருட பில்லை எடுத்து உங்கள் பக்கத்தில் எந்த வண்டி அதிகம் என்று எண்ணுங்கள், அந்த ஒரு நிறத்தை மட்டும் முழுதாக வையுங்கள். மற்றதைக் கறுப்பிலோ சாம்பலிலோ கேட்டு வாங்குங்கள். ரோட்டவேட்டரில் கண்ணில் படுவது மேல் மூடித் தகடுதான், கத்தியும் கியர் பெட்டியும் எந்த நிறமானாலும் யாரும் கேட்பதில்லை, அதனால் முன்பணம் வந்த பிறகு அந்தத் தகட்டை மட்டும் அடித்துக் கொடுத்தால் போதும். முதலில் கிரீஸை தின்னர் போட்டுத் துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு எனாமல். நம்பர் தகட்டையும் எச்சரிக்கை ஸ்டிக்கரையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். பெயின்ட் அடித்தால் வாரண்டி நிற்குமா என்று கம்பெனியிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஏப்ரலில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு முடித்துவிட வேண்டும். ஜூன் ஈரத்தில் அடித்த பெயின்ட் காயாது, வெள்ளை பூக்கும். வெயிலில் நிறுத்தாதீர்கள், சிவப்புதான் முதலில் வெளிறும்.

அந்த நாலு நீலத்தில் ஒன்று இன்னும் நிற்கிறது. மூடித் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன், ஆள் வந்து நிறம் சொல்லட்டும்.